அடுத்த இன்ஜினை யார் பிரிப்பது?

புது லாரி எடுக்க நினைப்பவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன் பட்டறைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போவது எங்கள் நாமக்கல் பக்கத்து வழக்கம். விலையையும் வட்டியையும் வாரண்டியையும் ஷோரூமில் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் வருடம் அந்த வண்டி எப்படி இழுக்கும், ஐந்தாம் வருடம் எதில் செலவு வைக்கும் என்பது பட்டறையில்தான் தெரியும். "டாடா எடுக்கட்டுங்களா, லேலண்ட் எடுக்கட்டுங்களா?" என்பதுதான் வெகுகாலம் கேட்ட கேள்வி. இந்த நாலைந்து வருடமாகக் கேள்வி வேறு. "மேஸ்திரி, இந்த வண்டியும் டீசல்லயே எடுத்துறலாமுங்களா, இல்ல கேஸ் வண்டியப் பாக்கட்டுங்களா? கரண்ட் லாரின்னு வேற சொல்றாங்களே."

டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியே பிழைத்தவன் நான். அதனால் என் பதில் டீசல் பக்கம்தான் சாயும் என்று நினைத்துக்கொண்டே பலர் கேட்கிறார்கள். லாரிக்காரர்கள் பழைய பழக்கத்தை விடமாட்டார்கள் என்று வெளியூர்க் கூட்டங்களில் பேசுபவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை லாரிக்காரருக்கு டீசல் மேல் பாசம் கிடையாது. ஓடுகிற வண்டிமேல்தான் பாசம். ஓடாத மாதமும் டியூ கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் ஓடும், டிரைவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். இங்கே பெரும்பாலோர் ஐந்து வண்டிக்குள் வைத்திருப்பவர்கள். ஒரு வண்டி ஒரு வாரம் படுத்தால் அந்த மாதமே போச்சு. ஆகவே எந்த இன்ஜினைப் பற்றியும் அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: வழியில் நின்றுவிட்டால் இதை எழுப்ப ஆள் உண்டா? அதற்கு "உண்டு" என்று பதில் வருகிற நாளில் அவர் எந்த எரிபொருளுக்கும் மாறிவிடுவார். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டுமானால், டீசல் இன்ஜின் எப்படி இத்தனை ஆழமாக இந்தத் தொழிலில் இறங்கியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டீசல் இன்ஜினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை 16, 17 மடங்கு இறுக்கினால் அதுவே 500 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலை நுண்துளியாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியது இதைத்தான். அதற்குப் பிறகு பம்ப் மாறியது, டர்போ வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, அடிப்படை மாறவில்லை. நிமிடத்துக்கு 1,200, 1,500 சுற்றிலேயே முழு இழுவையைக் கொடுக்கும் குணம் அதற்கு உண்டு. 28 டன்னை ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது அந்தக் குணத்தின் அருமை தெரியும்.

ஆனால் பட்டறைக்காரன் அதை நேசிப்பதற்குக் காரணம் வேறு. அது மறைக்காது. ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலைகளைப் பார்த்தாலே அந்த வண்டியின் கதை முழுக்கத் தெரிந்துவிடும். ஆறு பிஸ்டனும் ஒரே நிறத்தில் இருந்தால் டிரைவர் நல்ல கைகாரர். ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ரிங் போயிருக்கிறது. ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலப் பளிச்சென்று இருந்தால் அங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கேஸ்கட்டையோ ஹெட்டில் விரிசலையோ தேட வேண்டும். லைனரின் உள்சுவரை நகத்தால் தடவினால், மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு விளிம்பு தட்டும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் போர் கேஜ் வைப்பதற்கு முன்பே நகம் சொல்லிவிடும். கேஜ் அதை உறுதி செய்யும்.

பூட்டும்போது இன்னும் பொறுமை வேண்டும். லைனர் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடக்குறைய இருந்தாலும் கேஸ்கட் நிற்காது. ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே தடவையில் முறுக்காமல், படிப்படியாகச் சுற்றிவந்து இறுக்க வேண்டும். பழைய இன்லைன் பம்ப்பைக் காலிபரேஷன் பெஞ்சில் ஏற்றி, ஆறு கண்ணாடிக் குழாயிலும் ஒரே மட்டத்துக்கு டீசல் வந்து நிற்கும்வரை விடாமல் உட்கார்ந்திருப்பதை நான் தியானம் என்றே சொல்வேன். நாசிலைக் கை டெஸ்டரில் மாட்டி அழுத்தினால், நல்ல நாசில் கிறீச்சென்று குரல் கொடுத்து மெல்லிய தூவலாக விரியும். கெட்டது சத்தமில்லாமல் சொட்டும். பக்கத்துக் கடையில் இருந்தபடியே அந்தக் குரலைக் கேட்டு "அஞ்சாவது நாசில் சரியில்லீங்க" என்று சொல்லும் மேஸ்திரிகள் இந்த ஊரில் இருந்தார்கள். இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அந்த அறிவு எந்தக் கம்பெனியிலும் அடைபட்டு இருக்கவில்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை நெடுஞ்சாலை ஓரத்தில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே அது பரவிக் கிடந்தது. நாக்பூர் தாண்டி வண்டி நின்றாலும், மொழி தெரியாத ஊரில் ஸ்பேனரோடு ஒருவர் வந்து நிற்பார். டீசல் மேல் லாரிக்காரர் வைத்திருந்த நம்பிக்கை உண்மையில் அந்த ஸ்பேனர் பிடித்த கைமேல் வைத்த நம்பிக்கை.

இன்ஜின் மாறுவது இந்தத் தொழிலுக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது நம் பஸ்களும் லாரிகளும் கரிவாயுவில் ஓடின. வண்டியில் ஓர் உருளையைப் பொருத்தி, அதில் கரியைக் கனியவைத்து, வரும் வாயுவை இன்ஜினுக்கு விட்டார்கள். புறப்படுவதற்கு முன் கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதுவது கிளீனர் வேலை. போர் முடிந்ததும் பெட்ரோலுக்குத் திரும்பினார்கள். பெட்ஃபோர்டு, ஃபார்கோ, டாட்ஜ் எல்லாம் பெட்ரோல் லாரிகள்தான். 1950களில் சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு அதே சேசிஸில் பெர்கின்ஸைப் பூட்டும் வேலை ஊர் ஊராக நடந்தது. 1954இல் டாடாவின் மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் லாரி வந்தது. 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய எண்ணூர் கம்பெனி 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதற்குப் பிறகு பெட்ரோல் லாரிக்குத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அந்த மாற்றத்தைப் பற்றி மூத்த மேஸ்திரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டீசல் நாறுகிறது, அதிர்கிறது, விடியற்காலைக் குளிரில் எழும்ப மாட்டேன் என்கிறது என்று அப்போதும் குறை சொன்னார்களாம். ஆனாலும் மாறினார்கள். லிட்டர் விலை குறைவு, மைலேஜ் அதிகம் என்பது பாதிக் காரணம். அந்த இன்ஜின் அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் ஊர்ப் பட்டறையில், அவர்களுக்குத் தெரிந்த ஆள் கையால் பூட்டப்பட்டது என்பது மீதிப் பாதி. பூட்டியவனுக்குக் கழற்றவும் தெரியும் என்ற தைரியம் அது.

அந்தத் தைரியம் முதலில் ஆட்டம் கண்டது டீசல் வண்டியிலேயேதான். இதை வெளியாட்கள் கவனிப்பதில்லை. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 5ஐத் தாண்டி நேராகப் பி.எஸ். 6க்குப் போனோம். பழைய நாசில் திறக்க 200, 250 பார் அழுத்தம் போதும். புது வண்டிகளின் காமன் ரெயிலில் அது 1,600 பாருக்கும் மேலே போகிறது. கசிகிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சைலன்சர் இருந்த இடத்தில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி, யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கும் கலன், அவற்றுக்கு முன்னும் பின்னும் சென்சார்கள். அந்தக் கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். தீர்ந்தாலும், தரம் கெட்டாலும், கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடும். 2021 கடைசியில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் தென்கொரியாவின் டீசல் லாரிகள் இந்தக் கரைசலுக்காக வரிசையில் நின்றன. டீசல் லாரிக்கு டீசல் மட்டும் போதும் என்ற காலம் போய்விட்டது.

காற்று சுத்தமானது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வழியில் நிற்கும் வண்டியின் நிலைமை மாறிவிட்டது. முன்பெல்லாம் டிரைவர் போன் செய்து, "அண்ணா, ஏத்தத்துல இழுக்கலீங்க, கறும்புகை தள்ளுது" என்பார். போனை இன்ஜின் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். சத்தத்தை வைத்து ஏர் ஹோஸைப் பார், டீசல் ஃபில்டரை மாற்று, இல்லாவிட்டால் மூன்றாவது நாசில் பைப்பைத் தளர்த்திப் பார் என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட முடிந்தது. இப்போது வருகிற போன் இப்படி: "மஞ்ச லைட் எரியுதுங்கண்ணா, நாப்பதுக்கு மேல போக மாட்டேங்குது." இன்ஜின் நன்றாகவே பாடிக்கொண்டிருக்கும். எங்கேயோ ஒரு சென்சார் ஒயர். எந்தச் சென்சார் என்று சொல்ல ஸ்கேன் கருவி வேண்டும். அந்தக் கருவியின் முழுச் சாவி கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும். லாசல்கான் வெங்காயம் ஏற்றிய ஒரு வண்டி அப்படி மகாராஷ்டிரத்தில் நின்று, சர்வீஸ் சென்டரில் முறை வரும்வரை டிரைவர் வண்டி அடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார். சரக்கு முளைவிட்டுவிட்டது. மாற்றியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சென்சார். அந்த ஓனர் இன்றைக்கு மின்லாரி என்றாலே தலையை ஆட்டுகிறார். அவர் பயப்படுவது மின்சாரத்துக்கு அல்ல, அந்தக் காத்திருப்புக்கு.

இனி ஒவ்வொரு மாற்றையும் லாரிக்காரர் கணக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

மின்லாரிக்குக் கணக்கு இப்படிப் போகிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி இருக்கிறது. 400 லிட்டர் டேங்க்கில் 4,000 யூனிட். இன்ஜின் அதில் மிஞ்சி மிஞ்சிப் போனால் 40 சதவீதத்தைச் சக்கரத்துக்குத் தரும், மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போகும். ஆக, பயன்படுவது 1,600 யூனிட். இதைப் பேட்டரியில் எடுத்துப் போக வேண்டுமென்றால், இன்றைய லாரி பேட்டரி யூனிட்டுக்கு 6 கிலோ என்று வைத்தாலும் பத்து டன்னை ஒட்டி வரும். பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பே, 2018இல் கூட்டிய பிறகு, 28.5 டன்தான். பேட்டரியையே ஏற்றிக்கொண்டு போனால் ஜவ்வரிசி மூட்டையை எங்கே அடுக்குவது? அதனால்தான் யாரும் அத்தனை பெரிய பேட்டரி வைப்பதில்லை. முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா ரைனோ 55 டன் டிராக்டர் லாரியில் 282 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டரை ஒட்டி ஓடும் என்பது கம்பெனி கணக்கு. சேலத்திலிருந்து மகாராஷ்டிரத்துக்கு ஜவ்வரிசி ஏற்றி, திரும்பும்போது வெங்காயமோ மோர்பி டைல்ஸோ கிடைப்பதை ஏற்றிவரும் வண்டிக்கு இது ஒத்துவராது. ரிட்டர்ன் லோடு எந்த ஊரில் கிடைக்கும் என்றே தெரியாதவர் சார்ஜருக்கு எங்கே போவார்?

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வேறு விடை வருகிறது. சிமெண்ட் ஆலைக்கும் கிடங்குக்கும் நடுவே, துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் நடுவே ஒரே பாதையில் போய்வரும் வண்டிகள் இருக்கின்றன. கனத்த லாரி ஒன்று கிலோமீட்டருக்கு 1.4 யூனிட் இழுக்கிறது, யூனிட் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 17 ரூபாய்க்குள் முடிகிறது. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் லாரிக்கு, லிட்டர் 92 ரூபாய் என்றால், 30 ரூபாய்க்கு மேல். லாரித் தொழிலில் செலவில் பாதியைத் தின்பதே டீசல்தான் எனும்போது இந்த வித்தியாசம் சாதாரணம் அல்ல. வண்டி விலைதான் இரண்டு, மூன்று மடங்கு. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் மின்லாரிக்கு மானியம் அறிவித்தார்கள்: ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய், சுமார் 5,600 வண்டிகளுக்கு, பழைய லாரி ஒன்றை உடைத்த சான்றிதழோடு. உதவிதான். ஆனால் இரண்டு வண்டி வைத்திருப்பவர் கைக்கு எட்டும் அளவுக்கு அது விலையை இறக்கிவிடவில்லை.

மின்லாரி பற்றி யாரும் அதிகம் பேசாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயை லாரிக்காரர் எல்லோருக்கும் தெரியும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் அங்கே நியூட்ரலில் இறக்குவார்கள். பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். வண்டி கைமீறி முன்னால் போகும் கார்களின்மேல் ஏறும். எத்தனையோ குடும்பங்கள் அந்த இறக்கத்தில் அழிந்திருக்கின்றன. (காமன் ரெயில் வண்டியைக் கியரில் இறக்கினால் கம்ப்யூட்டர் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட டீசல் வேண்டும். இதை நான் எந்த டிரைவரைப் பார்த்தாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.) மின்லாரி இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட்டரியும் கொஞ்சம் ஏறும். மலை உச்சியில் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் மட்டும் அது உள்ளே வாங்காது; அதற்கேற்பச் சார்ஜ் போடும் இடத்தைத் திட்டமிட வேண்டும். பிரேக்கைத் தொடாமல் தொப்பூர் இறங்கும் லாரி என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அடுத்தது கேஸ். இந்த ஊருக்குக் கேஸ் பழகிய சரக்கு. தென்னிந்தியாவின் சமையல் எரிவாயு டேங்கர்களில் பெரும்பகுதி நாமக்கல்காரர்களுடையது. 18 டன் எல்.பி.ஜி.யைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முன்னால் டீசலில் ஓடுகிற வண்டிகள் அவை. வால்வு, அழுத்தம், எர்த்திங், தீப்பொறித் தடுப்பு எல்லாம் எங்கள் டேங்கர் டிரைவர்களுக்கு அத்துபடி. ஆகவே கேஸ் என்றால் வெடிக்கும் என்ற பயம் இங்கே எடுபடாது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்த இயற்கை எரிவாயு, அதாவது எல்.என்.ஜி., கன அளவில் 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதால் இரட்டைத் தொட்டி வைத்த லாரி ஒரே நிரப்பலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும். தொட்டி இரட்டைச் சுவர் வைத்த ஃபிளாஸ்க். சூடு மெல்ல உள்ளே நுழையும். ஓடும் வண்டிக்கு அது பிரச்சினை இல்லை. லோடு இல்லாமல் பல நாள் நிறுத்தினால் அழுத்தம் ஏறி வாயுவை வெளியே விட வேண்டிவரும். புனே பக்கம் சாக்கனில் புளூ எனர்ஜி மோட்டார்ஸ் 2022இல் இப்படிப்பட்ட லாரிகளைக் கொண்டுவந்தது.

பட்டறைக்காரனாக எனக்கு இந்த இன்ஜின் பிடித்திருக்கிறது. பிளாக், கிராங்க், பிஸ்டன், வால்வு எல்லாம் என் கைக்குத் தெரிந்தவை. நாசிலுக்குப் பதில் ஸ்பார்க் பிளக், காயில். சூடு அதிகம், அதனால் வால்வு சீட் சீக்கிரம் தேயும். ஆயிலும் அதற்கென்று தனி. காற்றையும் கேஸையும் சரிவிகிதத்தில் எரிக்கும் பி.எஸ். 6 கேஸ் இன்ஜின்களுக்கு யூரியாத் தொட்டியே கிடையாது. மஞ்சள் விளக்குத் தொல்லையில் பாதி அதோடு போய்விடும். டீசல் மேஸ்திரி ஒருவர் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் சில மாதத்தில் இதைக் கற்றுக்கொள்வார்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. கொச்சியில் 2013இலும் எண்ணூரில் 2019இலும் எல்.என்.ஜி. முனையங்கள் வந்துவிட்டன. நாமக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலைகளில் முதல் 50 எல்.என்.ஜி. பங்குகளுக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். டீசல் பங்கு கண்ணுக்கெட்டிய தூரத்தில் எல்லாம் இருக்கும்போது, இது பங்கைத் தேடிப் பாதையை அமைக்க வேண்டிய நிலையிலேயே இன்னும் இருக்கிறது. விலையும் சேர்ந்துகொண்டது. டீசலுக்கும், அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவான சி.என்.ஜி.க்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருந்த நேரத்தில் பலர் சி.என்.ஜி. வண்டி எடுத்தார்கள். 2022இல் உக்ரைன் போருக்குப் பின் கேஸ் விலை ஏறியதும் அந்த வித்தியாசம் கரைந்தது, டியூ மட்டும் அப்படியே நின்றது. ஒரு தடவை அடிபட்டவர் அடுத்த வண்டிக்கு டீசலுக்கே திரும்பினார். அவரைப் பிற்போக்கு என்று சொல்லக் கூடாது. ஐந்து வருடத்துக்குக் கடன் வாங்குகிறவருக்கு ஐந்து மாதத்துக்குக்கூட நிலைக்காத விலை பதில் ஆகாது. டெல்லியில் 1998இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, சில வருடத்துக்குள் பஸ்கள் முழுதும் சி.என்.ஜி.க்கு மாறின என்றால், அங்கே பஸ்ஸும் பங்கும் ஒரே ஊருக்குள் இருந்தன, திரும்பிப் போகவும் வழியில்லை. லாரிக்கு அந்த வேலி கிடையாது.

ஹைட்ரஜனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் டாடா மோட்டார்ஸ் 16 ஹைட்ரஜன் வண்டிகளை 24 மாதம்வரை சோதித்து ஓட்டத் தொடங்கியது. அதில் ஹைட்ரஜனை எரிக்கும் இன்ஜினும் உண்டு, மின்சாரமாக மாற்றும் ஃபியூயல் செல்லும் உண்டு. எரிக்கும் வகை வந்தால் என் ஸ்பேனருக்கு வேலை உண்டு. அது என் வாரிசுகளின் கேள்வி, இன்று டியூ கட்டுபவரின் கேள்வி அல்ல.

இன்னொருவரை விட்டுவிட்டேன்: பழைய வண்டி வாங்குகிறவர். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒரு லாரி ஒரே ஆளிடம் கடைசிவரை இருப்பதில்லை. முதல் ஓனர் ஐந்தாறு வருடம் நேஷனல் பெர்மிட்டில் ஓட்டிவிட்டு விற்பார். அடுத்தவர் பக்கத்து மாநிலங்களுக்கு ஓட்டுவார். மூன்றாமவர் உள்ளூரில் ஜல்லி, செங்கல் அடிப்பார். டிரைவராக இருந்தவர் ஓனராவது அந்த இரண்டாம், மூன்றாம் வண்டியில்தான். 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் இவர்களை நம்பிக் கடன் கொடுத்தே வளர்ந்தது. பழைய டீசல் வண்டி ஒன்றைப் பட்டறை வாசலில் நிறுத்தினால், ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்து, கிளட்ச்சை ஒரு தடவை விட்டுப்பார்த்து, பத்து நிமிடத்தில் ஒரு விலை சொல்லிவிடுவோம். ஃபைனான்ஸ்காரரும் அதை ஏற்பார். ஏழு வருடம் ஓடிய பேட்டரிக்கு விலை சொல்ல இங்கே இன்று யாருக்கும் தெரியாது. உள்ளே எத்தனை செல் தளர்ந்திருக்கிறது என்று காட்டும் கருவியும் எங்களிடம் இல்லை. விலை சொல்ல ஆள் இல்லாத வண்டிக்குக் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காத வண்டி எத்தனை நல்லதாக இருந்தாலும் அதை முதல் ஆளும் வாங்கமாட்டார்.

இத்தனை சிக்கல் இருந்தும் மாற்றம் வர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக அறிவித்தது. எங்களுக்கு அது வேறு விதமாக முன்பே தெரியும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வேலை பார்த்த நாளில் மூக்கைத் துடைத்த வேஸ்ட் துணி கறுப்பாகத்தான் இருக்கும். நடு வயதிலேயே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் மேஸ்திரிகளை எனக்குத் தெரியும். நாட்டில் ஓடும் வண்டிகளில் லாரி 3 சதவீதம்தான், ஆனால் வண்டிகள் விடும் நுண்துகளில் 53 சதவீதம் லாரியுடையது என்று நிதி ஆயோக் 2022இல் சொன்னது. இந்த இன்ஜினை நான் நேசிக்கிறேன். என்னிடம் வேலை பழகும் பையன்கள் அதன் புகையை வாழ்நாள் முழுக்கக் குடிக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அதிர்வும் இரைச்சலும் இல்லாத கேபினில் இரவு ஓட்டிவரும் டிரைவர் எப்படி இறங்குவார் என்பதையும் பார்க்க ஆசைப்படுகிறேன். 2025 அக்டோபர் முதல் புது லாரிக் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமானபோது, டிரைவரை மனுசனாக நினைத்து ஒரு சட்டம் வந்ததே என்று மகிழ்ந்தவன் நான்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது இப்படிச் சொல்கிறேன். தினம் ஒரே பாதை, நிலையான ஒப்பந்தம், இரண்டு முனையிலும் சார்ஜர் என்றால் மின்லாரியைப் பாருங்கள். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் பங்கு இருக்கிறது, மாதம் முழுக்க வண்டி ஓடும் என்றால் எல்.என்.ஜி. எடுங்கள். எங்கே லோடு கிடைக்கிறதோ அங்கே போகிறவராக இருந்தால் இன்னும் ஒரு வண்டிக் காலம் டீசலில் ஓட்டுங்கள், யூரியாவை மட்டும் மலிவுக்குப் பார்த்து வாங்காதீர்கள்.

வண்டி செய்பவர்களுக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியது வேறு. இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் கம்பெனிகள் மேலான வழக்கில், உதிரிபாகத்தையும் பழுதறியும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளமும் திறந்தது, வாகனங்களையும் அதில் சேர்த்தது. லாரிப் பட்டறையின் வாசல்வரை அது இன்னும் வந்து சேரவில்லை. மின்லாரியில் 600, 700 வோல்ட் ஓடுகிறது. தெரியாமல் தொட்டால் உயிர் போகும். அதைக் காரணம் காட்டி எங்களை வெளியே நிறுத்துவதை விட, கற்றுக்கொடுப்பதுதான் முறை. டேங்கர் வால்வைக் கற்றுக்கொண்டவர்கள்தான் நாங்கள், அந்த வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளையும் கற்றுக்கொள்வோம்.

சர்வீஸ் கையேட்டைத் தமிழிலும் அச்சடித்து விற்பனைக்கு வையுங்கள். ஸ்கேன் கருவியை முழுச் சாவியோடு, நியாயமான விலைக்கு எங்களுக்கும் கொடுங்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஐ.டி.ஐ.களில் ஒரு பேட்டரிப் பெட்டியையும் ஒரு கேஸ் இன்ஜினையும் மேசைமேல் வைத்து, வேலை தெரிந்த மேஸ்திரிகளுக்கு மாலை வகுப்பு நடத்துங்கள். பகலில் எங்களுக்கு வண்டி காத்திருக்கும். பழைய பேட்டரியின் நிலையைப் படித்து விலை சொல்லும் முறையை ஃபைனான்ஸ்காரர்களோடு சேர்ந்து வகுத்துக் கொடுங்கள். இதை எல்லாம் செய்துவிட்டுப் பிறகு வந்து, லாரிக்காரர்கள் மாறுவார்களா என்று கேளுங்கள்.